பாமினி பேப்பர், வட்ஸ்அப் போட்டோ, சிவந்து போன சி ட்ரைவ்: சின்னச் சொஃப்ட்வெயார் ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ

ரெண்டாம்மாடி:

வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தையில வீட்டில வச்சு ஓ எல் சோதினை எடுக்கிற பிள்ளைகளுக்கு சைன்ஸ் குடுக்கிறனான். கொம்பியூட்டர் படிச்ச ஆள் இல்லை, வேர்டில ஏதோ திருத்துவன், வட்ஸ்அப் வெப் திறப்பன், பிரிண்ட் போடுவன், அதோட சரி. லப்டொப் ஒம்பது வருஷம் பழசு, 4 ஜீபி ரேம், விண்டோஸ் 10, பட்டரி செத்துக் கன காலம், வயரைக் கழட்டினா ஆளும் போயிடும். புதுசு வாங்கிற யோசினை இப்ப இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டா ஆரிட்டக் கேட்டாலும் முதல் பதில் அதுதான்.

பெரிய தலையிடி பாமினி எண்ட தமிழ் ஃபொன்ட். பத்து வருஷமாச் சேர்த்த கேள்விப் பேப்பர் அறுபத்தஞ்சு கிட்ட இருக்கு, எல்லாம் டைப்பிங் கடையில குடுத்து அடிப்பிச்சது, எல்லாம் பாமினி. என்ர லப்டொப்பில வடிவாத்தான் தெரியுது. வேர்ட் பைலை பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில போட்டா அவையின்ர போனில இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனும் கலந்து ஏதோ மந்திரம் மாதிரி வருது. போன கிழமை கூகுள் ஃபோமில சின்னதா ஒரு எம்சிக்யூ (பல்தேர்வுக் கேள்வி) வைப்பம் எண்டு நினைச்சு ஒரு கேள்வியைக் கொப்பி பண்ணிப் போட்டன், அங்கயும் அதே மந்திரம். அறுபத்தஞ்சையும் திருப்பி அடிக்க வேணுமோ? நினைக்கவே கை நோகுது.

அடுத்தது விடைத்தாள். இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஏழெட்டுப் போட்டோ அனுப்புவினம், யாற்ற எது எண்டு நான் தேடி முடியவே ராத்திரி பதினொண்டாயிடும். ஒரு பிள்ளையின்ர எல்லாத்தையும் ஒரே பீடிஎஃப்பா ஆக்கினா பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனையால திருத்தலாம்.

சி ட்ரைவ் வேற சிவப்பாக் கிடக்கு. டி ட்ரைவில ஒண்டுமே இல்லை, அது பாட்டுக்குச் சும்மா இருக்கு.

கடைசி விஷயம் சொல்ல வெக்கமாக் கிடக்கு. இந்தப் பீடிஎஃப் சேர்க்கிற சொஃப்ட்வெயார் தேடப்போய் ஒரு சைட்டில பெரிய பச்சைப் பட்டனா டவுன்லோட் எண்டு இருந்துது, அமத்திப்போட்டன். அண்டைக்குப் பிடிச்ச சனியன், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வலப்பக்கம் கீழ் மூலையில "உங்கட கொம்பியூட்டரில அஞ்சு வைரஸ்" எண்டு பெட்டி வருது. சூம் வகுப்பில ஸ்கிரீன் காட்டிக்கொண்டு மென்டலின்ர விதி படிப்பிக்கேக்க "உங்களுக்கு அதிஷ்டம்" எண்டு ஒரு சக்கரம் வந்து சுத்துது, ஒரு பெடியன் "டீச்சர் இதுவும் நிகழ்தகவோ" எண்டு கேக்கிறான். சிரிச்சுச் சமாளிச்சன்.

பெரிய கஷ்டமான சொஃப்ட்வெயார் வேண்டாம். சின்னதா, சும்மா கிடைக்கிறதா, என்னாலயும் விளங்கிக்கொள்ளக் கூடினதா ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ.

---

சும்மா_ஒருத்தன்:

டீச்சர் ஒரேயடியா ஃபோர்மெட் அடிச்சு எஸ்எஸ்டி ஒன்னு போடுங்க, எல்லாம் சரியாகும். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட்டும் முடிஞ்சு.

---

கீபோர்ட்_தம்பி:

மேல இருக்கிற அண்ணே, டீச்சர் கேட்டது பாமினி, நீங்க சொல்றது ஹார்ட் டிஸ்க். ஃபோர்மெட் அடிச்சா பாமினி யூனிகோடா மாறிடுமா? எஸ்எஸ்டி நல்லதுதான், பழைய லப்டொப்புக்கு அதை விட நல்ல மருந்து இல்ல, நானும் ஒத்துக்குறேன். ஆனா காசு வர்றப்ப யூனிட்டி பிளாசா கொம்பியூட்டர் கடைப் பக்கம் போய்ப் பாத்துக்கலாம்.

டீச்சர், மொதல்ல அந்தச் சக்கரத்த நிப்பாட்டுவோம். மூலையில வாற பெட்டி பெரும்பாலும் வைரஸே இல்ல. அந்த சைட் ஒரு தடவ "நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா"ன்னு கேட்டிருக்கும், நீங்க அலவ்னு அமத்தியிருப்பீங்க, கள்ளனுக்கு வீட்டுச் சாவிய நீங்களே குடுத்த மாதிரி. குரோமில செட்டிங்ஸ் போங்க, பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிஃபிகேஷன்ஸ். அலவ் லிஸ்ட்ல நீங்க கேள்விப்படாத பேரா நாலஞ்சு நிக்கும். ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல மூணு புள்ளி இருக்கு, அத அமத்தி ரிமூவ் குடுங்க. அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேல.

குரோம் திறக்குறப்ப வாற முதல் பக்கம் எதுவும் மாறியிருந்தா அது வேற கேஸ். செட்டிங்ஸ்ல எக்ஸ்டென்ஷன்ஸ் பாத்து தெரியாததத் தூக்குங்க, விண்டோஸ்ல அப்ஸ் லிஸ்ட்டத் தேதிப்படி அடுக்கி அன்னைக்கு வந்த விருந்தாளியயும் அனுப்பிருங்க. அப்புறம் மால்வெயார்பைட்ஸ்காரங்க குடுக்குற அட்வ்கிளீனர்னு ஒரு சின்ன ஃபைல் இருக்கு, இன்ஸ்டோலே தேவையில்ல, டபிள் கிளிக் பண்ணி ஸ்கேன் விட்டா இந்த மாதிரி குப்பையத்தான் அது தேடும். விண்டோஸோடயே வாற டிஃபென்டர் போதும், வேற அன்ட்டிவைரஸ் ரெண்டு மூணு போட்டு 4 ஜீபி ரேமச் சாவடிக்காதீங்க.

இனிமே எந்த சொஃப்ட்வெயாரும் பச்சப் பட்டன்ல எடுக்காதீங்க. நினைட்னு ஒரு சைட். அதுல வேண்டியதுக்கு டிக் போட்டா ஒரே ஒரு ஃபைல் வரும், அதத் திறந்தா எல்லாத்தையும் தானே இறக்கிப் போட்டுக்கும், நடுவுல கேக்குற "இந்த டூல்பாரும் வேணுமா" எல்லாத்துக்கும் அதுவே வேணாம்னு சொல்லிடும். அதுல செவன் ஸிப் (ஸிப் ஃபைல் திறக்க), விஎல்சி (வீடியோ பாக்க), இர்ஃபான்வியூ (படம் பாக்க), எவ்ரிதிங் (ஃபைல் தேட) நாலுக்கும் டிக் போடுங்க. எல்லாமே சின்னது, வீட்டுப் பாவனைக்கு எல்லாமே சும்மா.

இதுல எவ்ரிதிங் பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும். விண்டோஸ்ல ஃபைல் தேடினா அது ஒவ்வொரு ஃபோல்டராத் திறந்து பாத்துக்கிட்டே போகும், நீங்க டீ போட்டுக் குடிச்சிட்டு வரலாம். எவ்ரிதிங் அப்புடி இல்ல, டிஸ்க்ல எந்த ஃபைல் எங்கன்னு விண்டோஸே ஒரு பட்டியல் வச்சிருக்கு, இது அந்தப் பட்டியலையே நேரா வாசிச்சிரும். அதால பேர்ல ரெண்டெழுத்து அடிக்கிறதுக்குள்ள வந்து நிக்கும். ஆனா பேர மட்டும்தான் பாக்கும், ஃபைலுக்கு உள்ள என்ன எழுதியிருக்குன்னு சாதாரணமாப் பாக்காது. அதால பேப்பருக்கு "நியூ 1", "நியூ 1 கடைசி", "கடைசி உண்மையா கடைசி"ன்னு பேர் வைக்காம பாடம், வருஷம் போட்டு வச்சா அப்புறம் உங்களுக்கே நல்லது. (நான் வைக்கிற பேரு எப்படின்னு கேக்காதீங்க.)

இன்ஸ்டோலே பண்ணத் தேவையில்லாதது மூணு சொல்றேன். விண்டோஸ் கீயோட வீ அமத்துங்க, மொதத் தடவ டர்ன் ஒன் கேக்கும், குடுங்க. அதுக்குப் பிறகு நீங்க கொப்பி பண்ணின கடைசி இருபத்தஞ்சும் அதுல வரிசையா நிக்கும், வேண்டியத தொட்டுப் போடலாம். எம்சிக்யூவுக்கு அஞ்சு கேள்வியத் தொடர்ந்து கொப்பி பண்ணிட்டு வந்து ஃபோம்ல ஒன்னு ஒன்னாப் போட இதவிட ஒன்னுமில்ல. 2018 கடைசியில இருந்தே விண்டோஸ் 10ல இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியாது. மெஷின ஓஃப் பண்ணினா அழிஞ்சிரும், அடிக்கடி தேவையானதப் பின் பண்ணி வச்சா நிக்கும். பாஸ்வேர்ட் கொப்பி பண்ணினா அதுவும் அதுல தெரியும், சூம்ல ஸ்கிரீன் காட்டுறப்ப கவனம்.

விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூணையும் சேத்து அமத்தினா ஸ்கிரீன்ல வேண்டிய துண்ட மட்டும் வெட்டலாம். தவறி மூடின டேப்ப கொன்ட்ரோல் ஷிப்ட் டீ திருப்பிக் குடுக்கும். பட்டரி இல்லன்னு சொன்னதால இன்னொன்னு, வேர்ட்ல ஒப்ஷன்ஸ் போய் சேவ்ங்கிற இடத்துல ஓட்டோரிக்கவர் பத்து நிமிஷம்னு இருக்கும், அத ஒன்னாக்குங்க. 2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கெழம, பாணந்துறப் பக்கம் ஒரு குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க கரண்ட் போச்சே, அன்னைக்கு நான் ஒம்பது பக்க ரிப்போர்ட்ட இழந்தேன். அன்னைல இருந்து எனக்கு ஒரு நிமிஷம்தான்.

---

டைப்பிங்கடை:

தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனையில கொமினிகேஷன் வச்சிருக்கேன், ஃபோட்டோக்கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங். இருவது வருஷமா பாமினில அடிக்கிற ஆளு நான், உங்க பேப்பர்ல பாதி என் மாதிரி ஆள்தான் அடிச்சிருப்பான், அதால பதில் சொல்ற கடம எனக்கு இருக்கு.

பாமினின்னா என்னன்னு மொதல்ல வெளங்கிக்கோங்க, அப்புறம் எல்லாம் லேசு. அது ஒரு வேஷம். "அம்மா"ன்னு நான் அடிக்கிறப்ப கொம்பியூட்டர் உள்ள சேமிக்கிறது தமிழே இல்ல, எம், கே, செமிகோலன், கே, எச், அஞ்சு இங்கிலீஷ் கீ. அந்த எம்முக்கு மேல "அ"ன்னு ஒரு படத்தயும் கேக்கு மேல "ம"ன்னு ஒரு படத்தயும் ஒட்டி வச்சிருக்கிறதுதான் பாமினி ஃபொன்ட். உங்க லப்டொப்புல அந்த ஃபொன்ட் இருக்கு, வேஷம் நிக்கிது. புள்ளைங்க போன்ல ஃபொன்ட் இல்ல, வேஷம் கழண்டுருது, உள்ள இருக்கிற எம் கே செமிகோலன் வெளிய வந்துருது. உங்க மந்திரம் அதுதான். யூனிகோட்ல அப்புடி இல்ல, அ-வுக்குன்னே உலகம் முழுக்க ஒரே நம்பர், எந்தப் போன்ல திறந்தாலும் அ அ-தான். யூனிகோட்ல தமிழ் 1991ல இருந்தே இருக்கு, நாங்கதான் கையப் பழக்கிட்டு விட மாட்டேன்னு இருக்கோம்.

புள்ளைங்க வாசிச்சாப் போதும்னா நீங்க ஒன்னையும் மாத்தத் தேவையில்ல. வேர்ட்ல சேவ் அஸ் குடுத்து பீடிஎஃப்ஆ மாத்தி அனுப்புங்க. பீடிஎஃப் ஃபொன்டயும் தன்னோடயே மடிச்சு எடுத்துக்கிட்டுப் போகும், எந்தப் போன்லயும் ஒழுங்காத் தெரியும். இன்னைக்கு ராத்திரியே செய்யலாம்.

ஃபோம்ல போடணும்னா மாத்தித்தான் ஆகணும். பாமினிய யூனிகோடாக்குற கன்வெர்ட்டர் ஒன்லைன்ல நெறய இருக்கு, நான் பாவிக்கிறது பொங்குதமிழ்னு ஒன்னு, மேல் பெட்டில பாமினிய போட்டா கீழ யூனிகோட் வரும். நெட் இல்லாம செய்யணும்னா என்எச்எம் கன்வெர்ட்டர்னு சென்னைக்காரங்க செஞ்சது ஒன்னு இருக்கு. அறுபத்தஞ்சயும் ஒரே நாள்ல செய்யப் போகாதீங்க. எந்தப் பாடம் நடத்துறீங்களோ அந்த வாரத்துப் பேப்பர மட்டும் மாத்துங்க.

ஃபைல் தொலஞ்சு பேப்பர் மட்டும் கையில இருந்தா இன்னொரு வழி. நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து கூகுள் ட்ரைவ்ல ஏத்துங்க, கொம்பியூட்டர்ல அதுக்கு மேல ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் வித், கூகுள் டொக்ஸ். மேல படமும் கீழ எழுத்தும் வரும், தமிழும் வாசிக்கும். அது படத்தப் பாத்துத்தான் வாசிக்கிது, அதால அச்சடிச்சது பாமினியா வேறயான்னு அதுக்குக் கவலையே இல்ல. ஆனா ர-வும் கால் ா-வும் அப்பப்ப மாறும், ரெண்டு கொலம் இருந்தா வரி குழம்பும், வாசிச்சுப் பாக்காம புள்ளைங்களுக்குக் குடுத்துறாதீங்க.

இனிமே அடிக்கிறத டைப்பிங் கடையில குடுக்கிறப்ப "யூனிகோட்ல அடிச்சுத் தாங்க"ன்னு கேளுங்க. கை பாமினிக்குப் பழகிடுச்சுன்னு சொன்னா விடாதீங்க. என்எச்எம் ரைட்டர்னு ஒரு சொஃப்ட்வெயார் இருக்கு, அதுல பாமினி கீபோர்டே இருக்கு, அதே விரல், அதே கீ, ஆனா விழுறது யூனிகோட். நானே அப்புடித்தான் இப்ப அடிக்கிறேன், என் பொஞ்சாதிக்குக்கூட வித்தியாசம் தெரியல. அரசாங்கத்துப் பக்கம் ரெங்கநாதன் கீபோர்ட்தான் ஸ்டாண்டர்ட்னு 2008ல வச்சாங்க, அதப் பழகின புள்ளைங்களும் இருக்கு. உங்களுக்கே அடிக்க ஆசன்னா விண்டோஸ் 10லயே தமிழ் ஃபொனெட்டிக் இருக்கு, லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல தமிழயும், அதோட ஒப்ஷன்ஸ்ல தமிழ் ஃபொனெட்டிக் கீபோர்டயும் சேத்துட்டு விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் பாரத் தட்டினா மாறும், இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சா அம்மான்னு வந்துரும்.

---

ரெண்டாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, சக்கரம் நிண்டிட்டுது! அலவ் லிஸ்டில ஆறு பேர் குந்திக்கொண்டிருந்தவை, எல்லாரையும் கலைச்சாச்சு. விண்டோஸ் வீயும் பார்த்தன், இவ்வளவு நாளும் இது இல்லாம என்ன செய்தனான் எண்டு யோசிக்கிறன்.

டைப்பிங்கடை அண்ணை, பீடிஎஃப் வேலை செய்யுது, நேற்று ராத்திரியே ரெண்டு பேப்பர் அனுப்பிட்டன். வேஷம் எண்டு சொன்னது நல்லா விளங்கிட்டுது, நாளைக்குப் பிள்ளைகளுக்கே அதைச் சொல்லப்போறன்.

ஆனா கன்வெர்ட்டரில ஒரு கூத்து நடந்திட்டுது. ஒளித்தொகுப்புப் பேப்பரை மாத்தி, அவசரத்தில வாசிக்காம ஃபோமில போட்டிட்டன். கேள்வி நாலு: "பச்சைத் தாவரங்கள் பகலில் வளியிலிருந்து உள்ளெடுக்கும் ஊழு2 இன் அளவு" எண்டு தொடங்குது. ஒரு பிள்ளை போன் எடுத்து "டீச்சர் ஊழு எண்டா விதி எண்டு தமிழ் மிஸ் சொன்னவா, தாவரம் ஏன் விதியை உள்ளெடுக்குது" எண்டு கேக்குது. எனக்கு முதல்ல ஒண்டும் விளங்கேல்ல. பிறகு பார்த்தா காபனீரொட்சைட்டின்ர குறியீட்டைத்தான் அது தமிழாக்கி வச்சிருக்கு! இப்பிடி இன்னும் கன இடத்தில இருக்கு. என்ன செய்யிறது?

---

டைப்பிங்கடை:

ஐயோ, அத முன்னாடியே சொல்ல மறந்துட்டேன் தங்கச்சி, மன்னிச்சுக்கோங்க. பாமினில பெரிய சீ அமத்தினா ஊ, பெரிய ஓ அமத்தினா ழு. கன்வெர்ட்டருக்கு எது உண்மையான இங்கிலீஷ், எது வேஷம் போட்ட தமிழ்னு தெரியாது, எல்லாமே இங்கிலீஷ் எழுத்துத்தானே, அதால எல்லாத்தையும் புடிச்சு மாத்திரும். இன்டர்நெட்னு இங்கிலீஷ்ல இருந்தா "ஐவெநசநெவ"ன்னு வரும். பழைய நியூஸ் சைட்ல எல்லாம் இது நடுவுல நடுவுல கெடக்கும், பாத்திருப்பீங்க.

நம்பர் மட்டும் பாமினிலயும் நம்பர்தான், மாறாது. அதால நான் செய்யிறது இதுதான். மாத்த முந்தி பேப்பர ஒரு கொப்பி எடுத்து வச்சிக்கிட்டு, கொன்ட்ரோல் எச் அமத்தி காபனீரொட்சைட்டுக் குறியீடு வாற எல்லா இடத்தையும் 77701ஆ மாத்துறது, தண்ணிக்கு 77702, ஒட்சிசனுக்கு 77703. ஒரு துண்டுல எழுதி வச்சிக்கோங்க. அப்புறம் கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்து, திரும்ப கொன்ட்ரோல் எச், 77701 இருந்த இடத்துல குறியீடு. ஏன் மூணு ஏழுன்னா, சும்மா 1, 2ன்னு வச்சா கேள்வி நம்பரயும் சேத்து மாத்திப்புடும். நான் அப்புடி ஒரு தடவ காணி உறுதி ஒன்னுல செஞ்சு, நல்ல வேளை பிரிண்ட் போட முந்தியே பாத்தேன்.

---

கீபோர்ட்_தம்பி:

அண்ணே செம ஐடியா. ஒன்னு மட்டும் சேக்குறேன். பேப்பர்ல எங்கெங்க இங்கிலீஷ் இருக்குன்னு கண்ணால தேட வேணாம். வேர்ட்ல அட்வான்ஸ்ட் ஃபைன்ட் போய், தேடுற பெட்டிய வெறுமையா விட்டுட்டு, ஃபோர்மெட், ஃபொன்ட், அதுல டைம்ஸ் நியூ ரோமன்னு குடுத்து ஃபைன்ட் இன் அமத்தினா அந்த ஃபொன்ட்ல இருக்கிறது எல்லாத்தையும் ஒரே தடவைல நெறம் போட்டுக் காட்டும். அடிச்சவர் இங்கிலீஷ வேற ஃபொன்ட்ல அடிச்சிருந்தா அந்தப் பேரக் குடுங்க. அந்த லிஸ்டப் பாத்து எத்தன நம்பர் வேணும்னு எண்ணிக்கலாம். கீழ நிக்கிற சின்ன 2 எல்லாம் கன்வெர்ட்டர்ல போனா சாதாரண 2 ஆயிரும், அத மட்டும் கையால கொன்ட்ரோலோட ஈக்குவல் அமத்தி இறக்கணும். ஃபோம்ல அதுவும் ஏலாது, அங்க சின்ன 2ன்னே யூனிகோட்ல ஒரு எழுத்து இருக்கு, ஒருக்கா எங்கயாவது இருந்து கொப்பி பண்ணி விண்டோஸ் வீல பின் பண்ணி வச்சிக்கோங்க.

---

புறக்கோட்டை_கணக்கு:

பாமினிய எல்லாரும் புடிச்சிக்கிட்டீங்க, டீச்சர்ட போட்டோவ ஒருத்தரும் பாக்கல. நான் ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதுறன், பில்லு எல்லாம் வட்ஸ்அப்பில போட்டோவாத்தான் வரும், டீச்சர்ட கேஸும் என்ட கேஸும் ஒன்னுதான்.

சொஃப்ட்வெயார் ஒன்னும் தேவையில்ல. ஒரு பிள்ளைட போட்டோ எல்லாத்தையும் ஒரு ஃபோல்டரில போடுங்க. முதல் பக்கத்த செலக்ட் பண்ணி எஃப்2 அமத்தி பிள்ளைட பேரோட 1 எண்டு வைங்க, அப்பிடியே டேப் கீய அமத்தினா அடுத்த போட்டோட பேருக்குத் தானாப் போகும், அதில 2. மவுஸே தொடத் தேவையில்ல. எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, ஒன்டாம் பக்கத்துக்கு மேல ரைட் கிளிக் பண்ணி பிரிண்ட் குடுங்க. வேற பக்கத்துக்கு மேல கிளிக் பண்ணினா அதுதான் முன்னுக்கு வரும், நான் இதில கனக்க நாள் மண்டைய உடைச்சிருக்கன். பிரிண்டர் பெயரில மைக்ரோசொஃப்ட் பிரிண்ட் டு பீடிஎஃப் எண்டு எடுங்க.

இப்ப முக்கியமான இடம். அந்தப் பெட்டிக்கு அடியில "ஃபிட் பிக்சர் டு ஃப்ரேம்" எண்டு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துப்போடுங்க. டிக் இருந்தா பக்கம் நிறையப் போட்டோவ இழுத்து ஓரத்தை வெட்டும். எனக்கு பில்லுட அடியில இருக்கிற மொத்தத் தொகை போய்ச்சுது, உங்களுக்கு மேல எழுதின பிள்ளைட பேர் போகும்.

பிள்ளைகளிட்ட இன்னொன்டு சொல்லி வைங்க, போட்டோவ போட்டோவா அனுப்பாம, அந்த கிளிப் அடையாளத்த அமத்தி டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லி. போட்டோவா அனுப்பினா வட்ஸ்அப் சுருக்கிப்போடும், பென்சில் கோடெல்லாம் மங்கும். அன்ட்ரொய்ட் போனில கூகுள் ட்ரைவ் அப்பில ஸ்கேன் எண்டே இருக்கு, அதில எடுத்தா நேரா பீடிஎஃப்பாவே வரும், உங்களுக்கு மேல சொன்ன வேலையே மிச்சம். இருபத்திரண்டு பேரில நாலு பேராவது கேப்பாங்க.

ரெண்டு மூனு பீடிஎஃப்ப ஒன்டாக்க பீடிஎஃப்சாம் பேசிக் இருக்கு, சும்மா, நெட் இல்லாம வேலை செய்யும். இன்ஸ்டோல் பண்ணக்குள்ள காசு குடுக்கிற வேர்ஷனையும் போடவா எண்டு கேக்கும், அந்த டிக்க எடுங்க. ஒன்லைனில சேத்துத் தாற சைட்டும் இருக்கு, விடைத்தாளுக்குப் பரவாயில்ல. ஐடென்டிட்டி கார்ட் கொப்பி, பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி சாமான்களை மட்டும் அதில ஏத்தாதீங்க.

சி ட்ரைவுக்கு விஸ்ட்ரீ. எவ்ரிதிங் மாதிரியே பட்டியலை நேரா வாசிக்கும், சில செக்கன்ல எது எவ்வளவு இடம் புடிச்சிருக்கு எண்டு பெரிய கட்டம் சின்னக் கட்டமாக் காட்டும். எதையும் அழிக்கிறதுக்கு முந்தி பாருங்க, விண்டோஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள கை வைக்காதீங்க. என்ட ஊகம், உங்களுக்கு பெரிய கட்டம் டவுன்லோட்ஸ்தான், சூம் ரெக்கோர்டிங்கும் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு மேல ரைட் கிளிக், ப்ரொபர்டீஸ், லொகேஷன், மூவ் எண்டு குடுத்து டி ட்ரைவில ஒரு ஃபோல்டரக் காட்டுங்க. இருக்கிறதும் அங்க போகும், இனி வாறதும் அங்கதான் விழும். டொக்கியுமென்ட்ஸையும் இப்பிடியே மாத்தலாம். ஒரே டிஸ்க்க ரெண்டா வெட்டினதுதான் சியும் டியும், டிஸ்க் செத்தா ரெண்டும் போகும், அதால அந்த அறுபத்தஞ்சு பேப்பரையும் ஒரு பென்ட்ரைவிலயோ கூகுள் ட்ரைவிலயோ இன்டைக்கே போட்டு வைங்க. வேர்ட் ஃபைல்தானே, பெரிய இடம் எடுக்காது, ராத்திரி டேட்டாவில ஏத்துங்க.

---

சும்மா_ஒருத்தன்:

நான் சொன்ன எஸ்எஸ்டிய ஒருத்தரும் மதிக்கல. சரி.

---

ரெண்டாம்மாடி:

மதிக்கிறன் தம்பி, ஏப்ரலுக்குப் பிறகு பார்ப்பம்.

புறக்கோட்டை அண்ணை சொன்னது சரி. விஸ்ட்ரீயில பெரிய கட்டம் சூம் ரெக்கோர்டிங், 31 ஜீபி. ஒரு வருஷமா நான் படிப்பிச்சதெல்லாம் எனக்கே தெரியாம சியில கிடந்திருக்கு. டி ட்ரைவுக்கு மாத்திட்டன், சிவப்பு போய் நீலம் வந்திட்டுது. ஃபிட் பிக்சர் டிக்கை எடுக்காம முதல் செட் பிரிண்ட் போட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே எட்டுப் பேரின்ர பெயர் காணாமப் போய், கையெழுத்தைப் பார்த்துத்தான் ஆர் எண்டு கண்டுபிடிச்சன். பிறகு வாசிச்சா நீங்கள் முக்கியமான இடம் எண்டே எழுதியிருக்கிறியள்.

77701 முறையில மூண்டு பேப்பர் மாத்தியாச்சு. ஒண்டுக்கு முக்கால் மணித்தியாலம் போகுது, இப்ப கை பழகப் பழகக் குறையுது. பென்ட்ரைவில எல்லாம் போட்டு அலுமாரிக்குள்ள வச்சிட்டன். ஒரு சின்னக் கேள்வி, மாத்தின பேப்பரில "கொ", "தொ" மாதிரி எழுத்து சில இடத்தில உடைஞ்சு, கொம்பு தனிய புள்ளி வட்டத்தோட நிக்குது, அது ஏன்?

---

டைப்பிங்கடை:

அது நான் இல்லாட்டி என்ன மாதிரி ஒருத்தன் பாமினில அடிக்கிறப்ப கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவுல ஸ்பேஸ் தட்டினது தங்கச்சி. கண்ணுக்குத் தெரியாது, கன்வெர்ட்டருக்குத் தெரியும். அந்த எடத்த மட்டும் அழிச்சிட்டுத் திரும்ப அடிங்க. நெறய இருந்தா ஃபைல எனக்கு அனுப்புங்க, கடையில கூட்டம் இல்லாத நேரம் பாத்து செஞ்சு தாறேன், காசு வேணாம்.

---

புறக்கோட்டை_கணக்கு:

டீச்சர், என்ட மகளும் வாற வருஷம் ஓ எல். அந்த ஒளித்தொகுப்புப் பேப்பர் பீடிஎஃப்ப எனக்கும் ஒன்டு அனுப்ப ஏலுமா? ஊழு இல்லாதது.